பால் கேனுக்கு ஒரு வண்டி, மலைப்பாதைக்கு ஒரு வண்டி

மோட்டார் சைக்கிள் வாங்க முனைவோர் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது அது எத்தனை சிசி என்பதையே. என்ஜின் உருளையின் கொள்ளளவைக் கன சென்டிமீட்டரில் கூறும் அந்த எண், என்ஜினின் திறனுக்கு ஏறத்தாழ ஓர் அடையாளமாக அமையுமேயன்றி, வண்டி எந்த வேலைக்கு ஏற்றது என்பதைத் தெரிவிப்பதில்லை. அதை அறிய, ஸ்ரீவில்லிபுத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில் விடியற்காலையில் பால் கறவைக்காரர்களிடம் பாலை வாங்கி, நகரின் பால்கோவா அடுப்புகளுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் கொண்டுசேர்க்கும் பால்காரர்களின் தேவையிலிருந்து தொடங்குவது நல்லது.

நாற்பது லிட்டர் கேன் ஒன்று நிறைந்தால் பாலின் எடை மட்டுமே 41 கிலோவைத் தொடும். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டைத் தொங்கவிட்டால், ஓட்டுபவருக்கு மேலாக இன்னோர் ஆளின் எடைக்குக் கூடுதலான சுமை பின்சக்கரத்தின் மேல் ஏறுகிறது. பின்சக்கர அச்சுக்கும் பின்னால் சுமை தள்ளிப்போகுமானால், முன்சக்கரம் தரையை அழுத்தும் விசை குறைந்து, கைப்பிடி இலேசாகி, வளைவில் வண்டி சொன்னபடி கேட்காமல் போகும். கேன் முழுவதும் நிறைந்திருப்பதைவிடப் பாதி நிறைந்திருக்கும்போது ஆபத்து மிகுதி. ஏனெனில் பிரேக் பிடிக்கையில் பால் முன்னும் பின்னும் அலைந்து, வண்டி நின்ற பிறகும் அதைத் தள்ளிக்கொண்டிருக்கும்.

இந்தச் சுமைக்காகவே வடிவமைக்கப்பட்டது என்று சொல்லத்தக்க வண்டி, தமிழகக் கிராமங்களில் நெடுங்காலமாகப் புழங்கும் டிவிஎஸ் எக்ஸ்எல். மொபெட் வகையைச் சேர்ந்த இதன் முன்னோடியான டிவிஎஸ் 50, சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் ஓசூர் ஆலையிலிருந்து 1980-இல் வெளிவந்தது. 2015-இல் வந்த எக்ஸ்எல் 100, பெட்ரோலுடன் ஆயில் கலந்து ஊற்ற வேண்டிய டூ-ஸ்ட்ரோக் முறையைக் கைவிட்டு, 99.7 சிசி ஃபோர்-ஸ்ட்ரோக் என்ஜினுக்கு மாறியது. அதன் திறன் நான்கு குதிரைத்திறனைச் சற்றே தாண்டும். ஆயினும் அதன் உச்ச முறுக்குவிசையான, அதாவது சக்கரத்தைத் திருகித் தள்ளும் விசையான, 6.5 நியூட்டன் மீட்டர், நிமிடத்துக்கு 3,500 சுழற்சியிலேயே கிடைத்துவிடுகிறது. ஏறத்தாழ அதே கொள்ளளவுள்ள ஹீரோ ஸ்ப்ளெண்டர் இருமடங்கு குதிரைத்திறன் தந்தாலும், அதன் உச்ச முறுக்குவிசை 6,000 சுழற்சியில்தான் கிடைக்கிறது. கியர் வண்டியும் முதல் கியரில் இச்சுமையை இழுக்கும் என்பது உண்மையே. ஆனால் வீட்டுக்கு வீடு நின்று கிளம்பும் பால்காரர் ஒவ்வொரு முறையும் கிளட்சைப் பிடித்து விடவேண்டியிருப்பதால், கையும் நோகும், கிளட்ச் தட்டும் தேயும். மொபெட்டில் என்ஜின் வேகம் கூடும்போது தானே பற்றிக்கொள்ளும் மையவிலக்குக் கிளட்ச் இருப்பதால் இத்தொல்லை இல்லை. இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையே திறந்து கிடக்கும் தளத்தில் தீவன மூட்டையை வைத்தால், எடை இரு சக்கரங்களுக்கும் நடுவில் இறங்கிவிடுகிறது என்பது இதனினும் பெரிய நன்மை.

இவ்வளவு பொருத்தமான வண்டியே, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் நூற்பாலைக்கு நாள்தோறும் ஷிப்டுக்குச் செல்லும் தொழிலாளிக்குப் பொருந்தாது. இரு நகரங்களுக்கும் இடைப்பட்ட பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரும் மதுரை–கொல்லம் தேசிய நெடுஞ்சாலையின் பகுதி. கேரளத்துக்குச் செல்லும் லாரிகளோடு அதில் போகும் மொபெட், முந்தவும் முடியாமல் விலகவும் முடியாமல் தவிக்கும். அவருக்கு 100 முதல் 125 சிசி வரையிலான கியர் வண்டியே தக்கது. 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, 125 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஒரு பிரேக்கை அழுத்தினாலே இரு சக்கரங்களிலும் விசை பகிரும் கூட்டு பிரேக்கும், அதற்கு மேற்பட்டவற்றுக்குச் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸும் கட்டாயமாயின. பழைய வண்டி வாங்குவோர் அதன் ஆண்டைப் பார்க்க வேண்டியது இதனால்தான்.

அதே சாலை தென்காசி, செங்கோட்டை கடந்து ஆரியங்காவு மலைப்பாதையில் ஏறும்போது கணக்கு மீண்டும் மாறுகிறது. இறக்கத்தில் கியர் வண்டியை இரண்டாம் கியரில் வைத்தால், என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும் துணை பிரேக்காகிறது. பெல்ட்டால் இயங்கும் ஸ்கூட்டரிலும் மொபெட்டிலும் இவ்வுதவி மிகக் குறைவு என்பதால், முழு வேலையும் பிரேக்கின் மேல் விழுந்து, டிரம் சூடேறிப் பிடிமானம் தளர்கிறது. நகருக்குள் சேலை கட்டியவரும் முதியவரும் எளிதில் ஏறி இறங்க ஸ்கூட்டருக்கு நிகரில்லை. ஆயினும் அதன் சிறிய சக்கரம், செண்பகத்தோப்பு பக்கத்துத் தோப்புப் பாதைகளில் ஒவ்வொரு குழியிலும் ஆழமாக இறங்கும்.

திருவொற்றியூரில் 1955 முதல் வளர்ந்த என்ஃபீல்டு மரபின் இன்றைய கிளாசிக் 350, நெடும்பயணத்துக்கு ஏற்ற நிதானமான வண்டி. அதன் 195 கிலோவைக் குறுகிய தெருவில் நாள்தோறும் பின்னுக்குத் தள்ளித் திருப்ப வேண்டியவர், வாங்குமுன் ஒருமுறை அதைக் கையால் தள்ளிப்பார்ப்பது அவசியம்.

வண்டியை வீட்டில் யார் ஓட்டுவார் என்பதும் தேர்வில் சேர்ந்ததே. பதினாறு வயது நிரம்பியவர் உரிமம் பெற்று ஓட்ட, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இடமளிப்பது 50 சிசி-க்கு மேற்படாத வண்டிகளுக்கு மட்டுமே. டிவிஎஸ் 50 காலத்துப் பழக்கத்தால் மொபெட்டைப் பிள்ளைகள் கையில் கொடுக்கும் வீடுகள் இன்னும் உள்ளன. எக்ஸ்எல் 100 அந்த வரம்பின் இருமடங்கு. பதினெட்டு நிரம்பாதவர் அதை ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், 2019-இல் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கு அல்லது வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்கலாம். வண்டியின் பதிவும் ஓராண்டுக்கு ரத்தாகும்.