மூட்டு வலிக்கு என்ன வழி? – 12: சொந்த ரத்தத்தில் ஓர் ஊசி

டென்னிஸ் எல்போ என்னும் முழங்கை வலிக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசியைச் சென்ற வாரம் பார்த்தோம். சில வாரங்களுக்கு வலி நன்றாகக் குறையும்; ஓராண்டு கழித்துப் பார்த்தால், ஊசியே போடாதவர்களைவிட நிலைமை மோசமாகவும் இருக்கலாம். அதற்கு மாற்றாக இப்போது பல எலும்பு மருத்துவமனைகளில் சொல்லப்படுவது பி.ஆர்.பி., அதாவது தட்டணுக்கள் செறிந்த பிளாஸ்மா.

டெங்கு வந்துபோன வீடுகளில் தட்டணுக் கணக்கு எல்லோருக்கும் மனப்பாடம். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இயல்பு. அந்தத் தட்டணுக்களைப் பல மடங்கு செறிவாக்கி, வலிக்கும் மூட்டிலோ தசைநாணிலோ செலுத்துவதுதான் இந்தச் சிகிச்சை. கையிலிருந்து எடுத்த ரத்தத்தை, உறையாமலிருக்க மருந்து கலந்த குழாயில் பிடித்து, வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் வைக்கிறார்கள். வெளியே எடுக்கும்போது அடியில் அடர்சிவப்பாகச் சிவப்பணுக்கள். மேலே வெளிர்மஞ்சள் பிளாஸ்மா. நடுவே மெல்லிய வெண்படலம். அந்தப் படலத்தை ஒட்டித்தான் தட்டணுக்கள் சேர்ந்திருக்கும். அதை உறிஞ்சியெடுத்து, பெரும்பாலும் அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்தபடி, ஊசியாகப் போடுகிறார்கள்.

காயம் பட்ட இடத்தில் தட்டணுக்கள் ரத்தத்தை நிறுத்துவதோடு, திசுவை வளரத் தூண்டும் புரதங்களையும் வெளிவிடுகின்றன. தசைநாண்களுக்கு ரத்த ஓட்டம் குறைவு. தானாக அங்கே போய்ச் சேராததை நாம் கொண்டுபோய்ச் சேர்ப்போம் என்பதுதான் யோசனை. நல்ல யோசனைதான். 2009இல் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஹைன்ஸ் வார்டு, முழங்கால் காயத்துக்கு இதைப் போட்டுக்கொண்டு சூப்பர் பௌல் இறுதிப் போட்டியில் ஆடினார். அணியும் வென்றது. அதன் பிறகு இதன் புகழ் எங்கோ போய்விட்டது.

ஆனால், எதைவிட நல்லது? இந்த ஒரு கேள்வியை விடாமல் கேட்க வேண்டும். 2010இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் டென்னிஸ் எல்போ உள்ள 100 பேரில் பாதிப் பேருக்கு ஸ்டீராய்டு, மீதிப் பேருக்கு பி.ஆர்.பி. ஓராண்டு முடிவில் பி.ஆர்.பி. தரப்பில் 73 சதவீதத்தினருக்கு வலி கணிசமாகக் குறைந்திருந்தது. ஸ்டீராய்டு தரப்பில் 49. கேட்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் ஓராண்டுக் கணக்கில் தோற்றுப்போகும் ஊசியைத்தானே இது வென்றிருக்கிறது! 2020இல் வெளியான ஃபின்லாந்து ஆய்வில் 119 பேரிடம் பி.ஆர்.பி.யையும் வெறும் உப்புநீரையும் ஒப்பிட்டபோது வித்தியாசம் தெரியவில்லை.

முழங்கால் தேய்மானத்தில் முடிவுகள் முரண்படுகின்றன. 2013இல் வெளியான சண்டிகர் பி.ஜி.ஐ. ஆய்வில் 78 நோயாளிகளிடம் பி.ஆர்.பி. உப்புநீரை வென்றது. ஆனால் ஆறாவது மாதத்தில் பலன் சற்றுக் குறையத் தொடங்கியது. 2021இல் வெளியானது ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் நடந்த இன்னும் பெரிய ஆய்வு. வாரம் ஒன்றாக மூன்று ஊசிகள். எந்த ஊசி என்று நோயாளிக்குத் தெரியாது. பத்துப் புள்ளி அளவுகோலில், ஓராண்டில் பி.ஆர்.பி. போட்டவர்களின் வலி 2.1 புள்ளி குறைந்தது. உப்புநீர் போட்டவர்களுக்கு? 1.8. எம்.ஆர்.ஐ.யில் குருத்தெலும்பின் அளவும் இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் குறைந்திருந்தது.

ஆகவே, ‘தேய்ந்த குருத்தெலும்பு மறுபடி வளரும்’ என்று விளம்பரம் செய்பவர்கள்மீது எனக்குக் கோபம் வருகிறது. முழங்கால் வலியோடு வருபவர் நகையை அடகு வைத்துக்கூடப் பணம் கட்டுவார். அவரிடம் இதைச் சொல்வது அநியாயம். பி.ஆர்.பி. தயாரிக்கும் முறை இடத்துக்கு இடம் மாறுகிறது. ஏதோ ஒரு முறை, ஏதோ ஒரு காயத்துக்குப் பலன் தரலாம். அதை நான் மறுக்கவில்லை. அப்படியென்றால் எந்த முறை, எந்தக் காயத்துக்கு என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும்.

போட்டுக்கொள்வதாக முடிவு செய்தால், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஊசிக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் வலி கூடலாம். அதற்காக டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். தட்டணுக்களின் வேலையை அவை தடுக்கக்கூடும். உடற்பயிற்சியையும் கைவிடாதீர்கள். குதிகால் தசைநாண் வலிக்கு 2010இல் வெளியான இன்னொரு நெதர்லாந்து ஆய்வில் 54 பேரும் ஊசியோடு பயிற்சியும் செய்தார்கள்: படியின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று, குதிகாலை மெல்லக் கீழே இறக்குவது. பி.ஆர்.பி. போட்டவர்களும் தேறினார்கள், உப்புநீர் போட்டவர்களும் அதே அளவு தேறினார்கள்.