கண்ணுக்குத் தெரியாதவனைப் பிடிப்பது எப்படி? ஒரு மேசை விளையாட்டின் விதி

சித்திரைப் புத்தாண்டு விளையாட்டுப் போட்டிகளில் யானைக்குக் கண் வைத்தலும் முட்டி உடைத்தலும் தவறாமல் இருக்கும். இரண்டிலும் கண்ணைக் கட்டிவிடுவார்கள். தடுமாறுபவரைப் பார்த்துச் சனம் சிரிக்கும். எறிகணைச் சிதறலில் உண்மையாகவே பார்வையை இழந்த ஒருவருக்கு அந்த மைதானத்தில் என்ன இடம் என்று நாம் அதிகம் யோசிப்பதில்லை.

பார்க்க முடியாத எதிராளியைப் பிடிப்பதற்கு ஒழுங்கான விதி வைத்திருக்கும் விளையாட்டு ஒன்று இருக்கிறது. பெயர் 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்'. 1974 இல் அமெரிக்காவில் வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவரும் உருவாக்கியது. இதற்குப் பலகையோ திரையோ கட்டாயமில்லை. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, தாங்கள் செய்வதை வாயால் சொல்வார்கள். அது பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை முடிவு செய்யும். தாயம் உருட்டிய கைகளுக்கு இது பெரிய புதினமில்லை.

ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். மந்திரத்தால் உருவம் மறைந்த திருடன் ஒருவன் தலைமன்னார் மணலில் ஓடுகிறான். உங்கள் பாத்திரம் அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும்.

முதலில் அவன் எங்கே நிற்கிறான் என்பது தெரிய வேண்டும். இங்கேதான் விதி நுட்பமாக ஒரு கோடு கிழிக்கிறது: கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது வேறு, ஒளிந்திருப்பது வேறு. உருவம் மறைந்தவனுக்கும் மூச்சு வாங்கும். மணலில் காற்தடம் விழும். சத்தமும் தடமும் அவன் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். அதையும் மறைக்க வேண்டுமென்றால் அவன் தன் முறையைச் செலவழித்து, பகடை உருட்டி, ஒளிந்துகொள்ள வேண்டும். ஒளிந்துவிட்டால் நீங்கள் ஊகித்துத்தான் கை நீட்ட வேண்டும். ஊகித்த இடம் பிழைத்தால் பிடிபடுவது வெறுங்காற்றுத்தான். (மன்னார் நகருக்குள் என்றால், கேட்டது கழுதையின் காலடியா என்றும் யோசிக்க வேண்டிவரும்.)

இடம் தெரிந்துவிட்டது. இப்போது வாளால் வெட்டினால், பார்வை இல்லாததற்குத் தண்டனை உண்டு: பகடையை இருமுறை உருட்டி, குறைந்த எண்ணையே எடுக்க வேண்டும். பிடிப்பதற்கு அந்தத் தண்டனை இல்லை. 2014 ஆம் ஆண்டு விதிப்படி பிடி என்பது இருவரின் பலப்பரீட்சை. நீங்கள் 11 உருட்டி, உடல்வலுவுக்கு 5 சேர்த்தால் 16. அவன் 12 உருட்டி, நழுவும் திறனுக்கு 3 சேர்த்தால் 15. ஆள் அகப்பட்டான். சமமாக வந்திருந்தால் தப்பியிருப்பான். உங்களுக்கு ஒரு கையாவது வெறுங்கையாக இருக்க வேண்டும். அவன் உங்களை விட மிகப் பெரிய உருவமாக இருக்கக் கூடாது. 2024 இல் திருத்திய விதியில் பகடை உருட்டுவது திருடன் மட்டுமே. 8 உடன் உங்கள் வலுவையும் தேர்ச்சியையும் கூட்டிய எண்ணை அவன் எட்ட வேண்டும். அந்தக் கணக்கிலும் கண்ணுக்கு வேலையில்லை.

'தெரியாதவனைப் பிடிப்பது மட்டும் எப்படி இலகு?' என்று சிலர் மேசையில் சண்டை பிடிப்பார்கள். விதி செய்தது சரி என்பதே என் எண்ணம். பாத்திரமே பார்வையற்றதாக இருந்தாலும், பார்வை தேவைப்படும் முயற்சிகள்தான் தானாகத் தோற்கும். பிடி கையின் வேலை. பிடித்த பிறகும் திருடன் உருவமற்றவன்தான். உங்கள் தோழர் வெட்டினால் குறைந்த எண்தான். ஆனால் அவனால் ஓர் அடி நகர முடியாது, இருக்கும் இடமும் எல்லோருக்கும் தெரியும். நீங்கள் விரும்பினால் அரை வேகத்தில் இழுத்துச் செல்லலாம்.

நிஜ மைதானத்திலும் இதற்குச் சாட்சி உண்டு. பராலிம்பிக்கில் பார்வையற்றோருக்கான ஜூடோ 1988 ஆம் ஆண்டு சோல் போட்டியிலிருந்து நடக்கிறது. அதில் இருவரும் ஒருவரையொருவர் பிடித்த நிலையிலேயே ஆட்டம் தொடங்கும். பிடி விட்டுப் பிரிந்தால் நடுவர் நிறுத்தி, நடுவுக்கு அழைத்துவந்து மறுபடி பிடிக்க வைப்பார். தேடுகிற பிரச்சினையை விதி எடுத்துவிட்டது. மிஞ்சுவது மல்லுக்கட்டு மட்டும். 2024 பாரிஸில் முழுமையாகவோ பெரும்பாலுமோ பார்வையற்றோர் பிரிவில் இந்தியாவின் கபில் பார்மர் வெண்கலம் வென்றார். ஜூடோவில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பராலிம்பிக் பதக்கம் அது.

ஜூடோவுக்கு மெத்தையும் பயிற்றுநரும் வேண்டும். மேசை விளையாட்டுக்கு அவை வேண்டாம். இன்னொன்று: திருடனையோ மணலையோ மேசையைச் சுற்றி இருக்கிற ஒருவருமே பார்ப்பதில்லை. எல்லோரும் கேட்கிறார்கள். பார்வையற்றவர் அங்கே மற்றவர்களுக்குச் சமமாகவே உட்காருகிறார். கதையை நடத்துபவராகவும் இருக்கலாம். பிரெயில் புள்ளி பதித்த பகடைகள் வெளிநாடுகளில் கிடைக்கின்றன. கைபேசிப் பகடைச் செயலியில் விழுந்த எண்ணைத் திரைவாசிப்பான் குரலில் சொல்லும்.

அடிப்படை விதிகள் 2023 ஜனவரியில் திறந்த உரிமத்தில் விடப்பட்டன. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். யாரும் தமிழாக்கலாம், ஒலிப்பதிவாகவும் வெளியிடலாம், காசு கட்டத் தேவையில்லை. வாசித்துக்காட்ட ஒருவரும் கூடி விளையாட நாலைந்து பேரும் இருந்தால் ஒரு பின்னேரத்தில் தொடங்கலாம். பகடை இல்லையா? 1 முதல் 20 வரை எழுதிய துண்டுகளை ஒரு பேணிக்குள் போட்டுக் குலுக்கி எடுங்கள். முதல் கதையை மன்னார்க் கோட்டைக்குள் வைத்துக்கொள்ளலாம். அங்கே ஒளிய நிறைய இடம் இருக்கிறது.