போர்த்தளம் போன பின்

பிலிப்பைன்ஸ் நாட்டு லூசான் தீவின் மேற்குக் கரையில் சுபிக் என்றொரு விரிகுடா உண்டு. ஆழமான நீர், சுற்றிலும் மலை. புயலுக்கு அஞ்சாமல் கப்பல்கள் நிற்கலாம். இயற்கை தந்த இவ்வசதியே அவ்வூரின் தலைவிதியாயிற்று! 1885இல் ஸ்பானியர் அங்கு கடற்படைத் தளம் கட்டத் தொடங்கினர். 1898ஆம் ஆண்டுப் போருக்குப் பின் அமெரிக்கர் வந்தனர். இடையில் சில ஆண்டுகள் ஜப்பானியரும் ஆண்டனர். வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்காவின் ஏழாவது கப்பற்படை பழுது பார்த்துக்கொண்டதும் சரக்கு ஏற்றியதும் இங்கேதான்.

1950களில் விமான ஓடுபாதை வேண்டுமென்று க்யூபி முனையில் ஒரு மலையையே வெட்டிச் சரித்தனர். அங்கிருந்த பானிகைன் என்னும் மீனவ கிராமம் இடம்பெயர்க்கப்பட்டது. வரலாற்று நூல்களில் இது ஒரு வரிச் செய்தி. அம்மீனவர்க்கோ அது வாழ்க்கை.

1991 ஜூனில் பினாதுபோ எரிமலை வெடித்து, தளத்தின் மீது சாம்பலைக் கொட்டியது. அதே செப்டம்பரில் அந்நாட்டு செனட், 12க்கு 11 என்ற ஒரே ஓட்டு வித்தியாசத்தில் புதிய ஒப்பந்தத்தை நிராகரித்தது. 1992 நவம்பர் 24ஆம் நாள் அமெரிக்கக் கொடி இறங்கியது.

மக்கள் மகிழ்ந்திருப்பர் என்று நினைப்போம். ஆனால் பக்கத்து ஒலொங்காப்போ நகரில் அடுப்பெரிந்ததே தளத்துச் சம்பளத்தில்தான். வீட்டில் ஒருவர் கூலி நின்றால் என்ன நேரும் என்பதை என் போன்றோருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. அந்த நகரத்தார் செய்ததுதான் வியப்பு. ஆயிரக்கணக்கானோர் ஊதியமின்றிக் காவல் நின்று, கட்டடங்கள் சூறை போகாமல் காத்தனர். அண்மையிலிருந்த கிளார்க் விமானத்தளம் சூறையாடப்பட்டதை அவர்கள் கண்டிருந்தனர்.

பின்னர் சுபிக் சுங்க வரியற்ற தொழில் மண்டலமாயிற்று. மலையை வெட்டிப் போட்ட ஓடுபாதையில் 1995 முதல் ஃபெடெக்ஸ் நிறுவனத்தின் சரக்கு விமானங்கள் இறங்கின. 2009இல் அந்நிறுவனம் சீனாவின் குவாங்சௌவுக்கு மாறிச் சென்றது. விரிகுடாவின் மறுகரையில் எழுந்த கொரியக் கப்பல் கட்டும் தளம் 2019இல் கடனில் மூழ்கியது. 2022இல் அதன் ஒரு பகுதிக்குப் பிலிப்பைன்ஸ் கடற்படையே வந்து சேர்ந்தது!

நமக்குப் பாடமாகவுள்ள தாவரவியலும் இதில் உண்டு. வெடிமருந்துக் கிடங்குகள் இருந்ததால் அங்கே வெளியார் நுழைய முடியவில்லை. காடும் வெட்டுப்படாமல் தப்பியது. அக்காட்டின் பழங்குடியினர் ஏட்டா மக்கள். எந்தக் கொடியை வெட்டினால் குடிநீர் கிடைக்கும், மூங்கிலை உரசித் தீ மூட்டுவது எப்படி என்றெல்லாம் அமெரிக்கச் சிப்பாய்களுக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் அவர்களே. சிப்பாய்கள் போய்விட்டனர். இப்போது அதே வித்தையை அதே காட்டில் சுற்றுலா வருவோர்க்குச் செய்து காட்டுகின்றனர்.