‘ஒரு குவார்ட்டர்தானே’ என்பவர்களுக்கு ஒரு கணக்கு

சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதலில் வந்தது சேலம் மாவட்டத்தில்தான். 1937 அக்டோபர் 1 அன்று. இன்றைய நாமக்கல்லும் அப்போது அதற்குள்தான் இருந்தது. கூலிக்காசு கள்ளுக்கடைக்குப் போகிறது, குடும்பம் கடனில் விழுகிறது என்பதே அதைக் கொண்டுவந்த ராஜாஜியின் கவலை. இன்றும் நம் ஊர்களில் குடியைப் பற்றிய பேச்சு கடன், சண்டை, விபத்து, ஈரல் என்ற அளவிலேயே நிற்கிறது. புற்றுநோய் என்றால் பீடியும் புகையிலையும்தான் நினைவுக்கு வருகின்றன.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புற்றை உண்டாக்குவது உறுதி என்றவற்றின் முதல் பட்டியலில், புகையிலையோடு மதுவையும் 1988லேயே சேர்த்துவிட்டது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பகம் என ஏழு இடங்களில் அது புற்றை உண்டாக்கும். குடித்த எத்தனால் உடலுக்குள் அசிட்டால்டிஹைடாக மாறி டிஎன்ஏவைச் சிதைக்கிறது. கள்ளிலும் பீரிலும் பிராந்தியிலும் இருப்பது அதே எத்தனால்தான். ‘கள்ளு குளிர்ச்சி’ என்ற நம்பிக்கை இங்கே உதவாது.

தறி ஷிப்ட் முடிந்தோ, லாரியை ஷெட்டில் விட்டோ, “தினம் ஒரு குவார்ட்டர்தான், அளவாத்தான் குடிக்கிறேன்” என்பவர்கள் சேலம், நாமக்கல் பக்கம் ஏராளம். குவார்ட்டர் 180 மில்லி. அதில் 42.8 சதவீதம், அதாவது சுமார் 77 மில்லி, சுத்த ஆல்கஹால். எடையில் சுமார் 60 கிராம். 2021இல் ‘லான்செட் ஆன்காலஜி’ இதழில் வந்த ஆய்வு, நாளுக்கு 60 கிராமைத் தாண்டுவதையே மிதமிஞ்சிய குடி என்கிறது. நம்மவர் ‘அளவு’ என்பது அந்த எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கிறது. 2020இல் மட்டும் உலகில் 7,41,300 பேருக்கு மதுவால் புற்றுநோய் வந்ததாக அந்த ஆய்வு மதிப்பிட்டது. இந்தியாவில் 62,100 பேர். நாளுக்கு 20 கிராமுக்குள் குடித்தவர்களும் இதில் அடக்கம்.

குடியோடு வாயில் புகையிலையும் அடக்கிக்கொள்பவருக்கு ஆபத்து பல மடங்கு. வாயின் உள்தோலை ஆல்கஹால் இளக்கி, புகையிலை நஞ்சை ஆழமாக இறக்கிவிடுகிறது.

இந்தப் புற்றுகளில் சாவு அதிகமாவதற்கு, நோய் தாமதமாகத் தெரியவருவதும் ஒரு காரணம். உணவுக்குழாய்ப் புற்று, சோறு இறங்காமல் போகும்வரை பெரும்பாலும் தெரியாது. கல்லீரல் புற்றும் சத்தமில்லாமல் வளரும். வாய் அப்படியல்ல, கண்ணாடியிலேயே பார்க்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் முழுதாகத் திறக்க முடியாமை இருந்தால் காத்திருக்கக் கூடாது. குடியை விட்டால் வாய், உணவுக்குழாய்ப் புற்று வரும் வாய்ப்பு குறையும் என்பதற்குப் போதிய சான்று உண்டு. 30 வயது கடந்தவர்களுக்கு வாய்ப் பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம்.