தேர்த் திருவிழாவும் சிறு குழந்தையும்

நல்லூர்க் கந்தசுவாமி கோயிற் பெருந்திருவிழா 25 நாட்கள் நடைபெறுவது. அவற்றுள் 24ஆம் நாள் தேர். அன்று வீட்டார் அனைவரும் புறப்படுகின்றோம். மூன்று வயதுக் குழந்தையும் உடன் வருகின்றது. நாம் தேரைக் காண்கின்றோம். குழந்தையோ சுற்றி நிற்போரின் கால்களையே காண்கின்றது. வெயில் ஏறுகின்றது, தாகம் வாட்டுகின்றது, குழந்தை அழுகின்றது. அதனை அடம் என்று கடிந்துகொள்கின்றோம். இது முறையன்று.

ஆதலின், தேரன்று அதிகாலையிலேயே செல்லுங்கள். குடிக்கத் தண்ணீர் கொண்டுசெல்லுங்கள். குழந்தையைத் தோளில் ஏற்றிக் காட்டுங்கள். தேர் இருப்பிடம் சேருமுன் வீடு திரும்பினும் குறையில்லை. அதனினும் நன்று, நெரிசல் குறைந்த தொடக்க நாட்களில் ஒரு மாலையைக் குழந்தைக்கென ஒதுக்குவது. அன்று சுவாமி வீதியுலா வருவதை ஆறுதலாகக் காட்டலாம், கச்சான் வாங்கலாம், அம்மம்மாக் குழலும் ஊதட்டும்.

பேசத் தெரிந்த பிள்ளைக்குத் தன் பெயர், தந்தை பெயர், ஊர் ஆகிய மூன்றையும் முன்னரே பழக்குங்கள். தொலைபேசி இலக்கத்தை எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். கூட்டத்திற் கைதவறிய பிள்ளையைப் பெற்றோரிடம் சேர்க்க, ஒலிபெருக்கியில் அறிவிப்போருக்கு இவையே வேண்டும்.

தேர் ஆண்டுதோறும் வரும். பிள்ளை நம் தோளில் ஏறும் பருவமோ சில ஆண்டுகளே.