கோப்பாயில் இடிக்கப்பட்ட கல்லறைகள்

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை போகும் சாலையில் சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது கோப்பாய். தோட்டப் பயிர்கள், ஆசிரியர் கலாசாலை, கோயில்கள் என அமைதியான ஊர். 2011 மார்ச் மாதம் இலங்கை ராணுவத்தின் 51ஆவது படைப்பிரிவு இங்கே புதிய தலைமையகத்தைத் திறந்தது. ராணுவம் கட்டடம் கட்டுவதில் வியப்பில்லை. ஆனால் அந்த நிலத்தில் அதற்குச் சற்று முன்புவரை வரிசை வரிசையாகச் சுமார் இரண்டாயிரம் கல்லறைகளும் நினைவுக்கற்களும் நின்றன. விடுதலைப் புலிகளின் மாவீரர் துயிலும் இல்லம் அது. புல்டோசர்கள் வந்து எல்லாவற்றையும் தரைமட்டமாக்கிய பிறகுதான் கட்டடம் எழுந்தது.

ஈழத்துச் சைவக் குடும்பங்களில் இறந்தவரைத் தகனம் செய்வதே வழக்கம். புலிகள் இயக்கத்திலும் தொடக்கத்தில் அப்படித்தான் நடந்தது. 1991 வாக்கில் இயக்கம் அதை மாற்றி, போரில் இறந்தவர்களைப் புதைக்கத் தொடங்கியது. உடல் கிடைத்தவருக்குக் கல்லறை, கிடைக்காதவருக்கு நினைவுக்கல். வடக்கு, கிழக்கு முழுவதும் இப்படி இருபதுக்கு மேற்பட்ட துயிலும் இல்லங்கள் எழுந்தன. இயக்கத்தில் முதலில் உயிரிழந்த சங்கரின் நினைவு நாளான நவம்பர் 27, 1989ஆம் ஆண்டு முதல் மாவீரர் நாளாக அனுசரிக்கப்பட்டது. அன்று மாலை 6.05க்கு மணி ஒலிக்கும். ஒரு நிமிட மௌனத்துக்குப் பிறகு, பெற்றோர் தத்தம் பிள்ளையின் கல்லறை முன் விளக்கேற்றுவார்கள். எரிப்பதே மரபாக இருந்த ஒரு சமூகம், ஒரே தலைமுறைக்குள் கல்லறைக்குப் பூமாலையோடு போகப் பழகிவிட்டது.

கோப்பாய்க்கு இடிபாடு புதிதல்ல. 1995 இறுதியில் யாழ்ப்பாணம் ராணுவத்தின் கைக்கு வந்தபோதே அந்தக் கல்லறைகள் உடைக்கப்பட்டன. 2002இல் போர்நிறுத்தம் வந்ததும் மீண்டும் கட்டினார்கள். முதல் முறை உடைத்த கற்களின் துண்டுகளை எடுத்து, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்சிப்படுத்தினார்கள். இரண்டாம் முறை இடிபட்டபோது அந்தப் பெட்டியும் மிஞ்சவில்லை.

புலிகளுக்கு இந்த இடங்கள் அரசியல் மேடையாகவும் இருந்தன என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆள்சேர்ப்புக்கு அவை உதவின. சிறுவர்களைப் படையில் சேர்த்த இயக்கம் அது. போரின் கடைசி ஆண்டுகளில் வீட்டுக்கு ஒருவரை வலுக்கட்டாயமாக இழுத்துச் சென்றது. 1986இல் அவர்கள் கொன்ற டெலோ இயக்கத்து இளைஞர்களும் தமிழர்கள்தான். அவர்களுக்குத் துயிலும் இல்லத்தில் இடம் கிடையாது. ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு 1992இல் இந்தியா அந்த இயக்கத்தைத் தடை செய்தது. இத்தனையும் உண்மை. ஆனால் இவை இயக்கத்தின் மீதான கணக்குகள். மண்ணுக்குள் இருந்தது பக்கத்து ஊர்ப் பிள்ளை. விரும்பிப் போனவனானாலும் இழுத்துப் போகப்பட்டவளானாலும் அம்மாவுக்கு விளக்கேற்ற இருந்தது அந்த ஒரு கல்தான்.

எதிரியின் கல்லறையை என்ன செய்வது என்ற கேள்விக்கு அந்தத் தீவிலேயே பழைய விடை ஒன்று உண்டு. அனுராதபுரத்தில் தமிழ் மன்னன் எல்லாளனைப் போரில் கொன்ற சிங்கள மன்னன் துட்டகைமுனு, அவன் விழுந்த இடத்தில் நினைவுச்சின்னம் எழுப்பி, அதைக் கடந்து போகிறவர்கள் வாத்தியங்களை நிறுத்த வேண்டும் என்று ஆணையிட்டதாக மகாவம்சம் சொல்கிறது. சிங்கள பௌத்த வரலாற்றின் மூல நூல் சொல்லும் செய்தி இது. 1818 கிளர்ச்சி தோற்றபின் தப்பியோடிய கண்டிப் பிரதானி பிலிமத்தலாவையும், களைத்துப்போன நிலையிலும் பல்லக்கிலிருந்து இறங்கி, அந்த இடத்தைத் தாண்டிவிட்டோம் என்று உறுதியாகும்வரை நடந்தே போனதாக ஆங்கிலேய அதிகாரி ஃபோர்ப்ஸ் எழுதிவைத்தார். நினைவிடமாகக் கருதப்பட்ட அந்த மேடு உண்மையில் எல்லாளனுடையதா என்பதில் பிற்காலத் தொல்லியலாளர்களுக்குள் வழக்கு உண்டு. மரியாதை இரண்டாயிரம் ஆண்டு நீடித்ததில் வழக்கில்லை.

பிரிட்டனிலும் இரண்டு உலகப் போர்களில் அதனோடு மோதிய ஜெர்மானியர்களில் சுமார் ஐயாயிரம் பேருக்குக் கானக் சேஸ் என்ற இடத்தில் மயானம் இருக்கிறது; அது இன்றும் பராமரிக்கப்படுகிறது. கல்லறைகளை மதித்துப் பேண வேண்டும் என்ற போர்ச் சட்ட விதி உள்நாட்டுப் போருக்கும் பொருந்தும் என்பதே சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கத்தின் நிலைப்பாடு.

இலங்கை மண்ணில் இறந்த இன்னொரு படையின் கதை நமக்கு நெருக்கமானது. ஹைதராபாத்தை ஒட்டி விரியும் செகந்திராபாத், ராணுவ நகரம். 1987 ஜூலை இறுதியில் அமைதிப்படையாக யாழ்ப்பாணத்தில் முதலில் இறங்கிய இந்தியாவின் 54ஆவது டிவிஷன் அங்கிருந்து போனதுதான். அக்டோபரில் அது புலிகளோடு போரிட நேர்ந்தது. 1990 மார்ச்சில் அமைதிப்படை திரும்பியபோது ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் உயிரிழந்திருந்தார்கள். அவர்களுக்குக் கொழும்பை அடுத்த கோட்டேயில் இலங்கை அரசு நினைவிடம் அமைத்தது; 2015இல் பிரதமர் மோடி அங்கே மலர்வளையம் வைத்தார். அமைதிப்படையைத் திருப்பி அனுப்பத் துடித்ததும் ஒரு கொழும்பு அரசுதான். ஒவ்வாத படையின் இறந்தவர்களுக்கும் இடம் கொடுக்க அந்த நாட்டுக்குத் தெரிந்திருக்கிறது.

போர் முடிந்த வடக்கில் புதிய சின்னங்களுக்கும் குறைவில்லை. கிளிநொச்சியில், குண்டு துளைத்த பெரிய கான்கிரீட் கட்டியிலிருந்து தாமரை முளைக்கிறது. புதுக்குடியிருப்பில் துப்பாக்கியும் கொடியும் ஏந்திய படைவீரன் நிற்கிறான். இறந்த ராணுவத்தினருக்கு அரசு சின்னம் வைப்பதில் குற்றமில்லை. ஆனால் சுற்றிலும் குடியிருக்கும் குடும்பங்களின் கல்லறைகளைப் பெயர்த்துவிட்டு, தோற்ற ஊரின் நடுவில் வெற்றியை மட்டும் நிறுத்துவது வேறு வகைச் செய்தி.

தெற்கிலும் ஆயுதம் ஏந்தித் தோற்றவர்கள் உண்டு. ஜே.வி.பி. என்ற கட்சியின் கிளர்ச்சி அடக்கப்பட்டு, 1989 நவம்பர் 13 அன்று அதன் தலைவர் ரோகண விஜேவீர கொல்லப்பட்டார். ஆண்டுதோறும் அந்த நாளில் கட்சி தன் இறந்தவர்களை வெளிப்படையாக நினைவுகூர்கிறது. அந்தக் கட்சியின் தலைவர் அநுர குமார திசாநாயக்க 2024இல் நாட்டின் ஜனாதிபதியானார்.

வடக்கில் மாவீரர்களை நினைவுகூர்வதற்கு இருந்த கெடுபிடி 2015க்குப் பிறகு கொஞ்சம் தளர்ந்தது. 2016இல் கிளிநொச்சி கனகபுரத்தில் மக்கள் புதர்களை வெட்டி, உடைந்த கற்களைக் குவித்து, பல ஆண்டுகளுக்குப் பிறகு விளக்கேற்றினார்கள். புதிய ஆட்சி வந்த 2024இலும் நிகழ்வுகள் பரவலாக நடந்தன. இறந்தவர்களை நினைக்கலாம், புலிகளின் சின்னங்கள் கூடாது என்பது அரசின் கோடு. சமூக ஊடகத்தில் புலிகளின் தலைவர் பிரபாகரன் படத்தைப் பகிர்ந்ததற்காகச் சிலர் கைதானார்கள்.

கோப்பாய்க் குடும்பங்களுக்கு இந்தக் கோட்டால் பெரிய பயன் இல்லை. கொடியும் படமும் வேண்டாம் என்றாலும், பிள்ளை புதைந்த இடம் முகாமின் வேலிக்குள் போய்விட்டதால், அவர்கள் எதிர்ப்புறத்தில் சுடரேற்றும்படி ஆனது. ராணுவத்துக்குத் தலைமையகம் வைக்கக் குடாநாட்டில் வேறு காணி கிடைக்கும்.