உப்புக் காற்றும் கணினிக் கம்பியும்

உப்புக் காற்றின் குணத்தைத் துறைமுக நகரத்தாருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கதவுக் கீலும் சாளரக் கம்பியும், எத்தனை முறை வர்ணம் பூசினாலும், சில ஆண்டுகளில் துருவேறி உதிர்வதைத் திருகோணமலை வாசிகள் நாள்தோறும் காண்கின்றனர். ஆயின், அதே காற்று வீட்டுக் கணினியின் இணையக் கம்பியிலும் கைவைக்கும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பழுது எங்கே உள்ளதென்று ஆராயாமல் கணினியையே குற்றவாளியாக்கி விடுகின்றனர். 2022ஆம் ஆண்டில் ரூபாயின் மதிப்புச் சரிந்த பின்னர், இத்தகைய அவசரத் தீர்ப்பு ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பை விழுங்கும் காரியமாயிற்று.

நமக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவரின் வீட்டில் நடந்ததைக் கூறுவோம். அவருடைய மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படிப்பவள். மாலை வேளைகளில் இணையவழியே கணித வகுப்பிற் சேர்பவள். வீடோ பழையது, தடித்த சுவர்களைத் தாண்டி வைபை அலை பின்னறைக்குச் சரியாக எட்டுவதில்லை. ஆதலால் முன்மண்டபத்தில் உள்ள ரவுட்டரிலிருந்து, கூரை விளிம்பின் வழியே ஒரு லான் கம்பியை இழுத்து, கடலை நோக்கிய சாளரத்தினூடாகக் கணினிக்குக் கொடுத்திருந்தனர்.

கச்சான் வீசிய மாதங்களில் யாதொரு குறையும் இல்லை. வாடை தொடங்கியதும் விபரீதம் ஆரம்பமாயிற்று. ஆசிரியர் கணக்கின் நடுவே நிற்கையில் குரல் அறுந்துவிடும். சில விநாடிகளில் மீண்டு வரும். சற்று நேரத்தில் மறுபடியும் அறும். எட்டிப் பார்க்கும்போதெல்லாம் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தொடர்பு உண்டென்றே கணினியும் சாதித்தது. “தம்பி, காற்றுக்கும் கொம்பியூட்டருக்கும் என்ன பகை?” என்று அப்பெரியவர் நம்மைக் கேட்டார். கடைக்காரர் ஒருவர் தாய்ப்பலகை பழுதென்று தீர்ப்புச் சொல்லி, விலையும் குறித்துக் கொடுத்திருந்தார். பரீட்சைக்கு மூன்று மாதமே இருந்தது.

இவ்விடத்தில் அக்கம்பியின் உட்கதையைச் சற்று அறிதல் வேண்டும். 1973ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செரொக்ஸ் நிறுவன ஆய்வுகூடத்தில் றொபேட் மெற்காப் என்பவர் ஈதர்நெட் என்னும் இணைப்பு முறையை வகுத்தபோது, அதற்குத் தடித்த ஒற்றைக் கம்பிவடமே பயன்பட்டது. மெல்லிய முறுக்குக் கம்பிகளுக்குரிய நியமம் 1990இல்தான் வந்தது. இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கினால், வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டையும் ஒரே அளவாகத் தாக்கித் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். தொலைபேசியைத் தந்த கிரகாம் பெல் 1881இலேயே இவ்வுபாயத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார்.

இன்றைய லான் கம்பிக்குள் இத்தகைய சோடிகள் நான்கு உள. செம்மஞ்சள், பச்சை, நீலம், கபிலம் என்பன அவற்றின் நிறங்கள். விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்துக்குச் செம்மஞ்சளும் பச்சையும் போதும். 1999இல் நியமமான 1000 மெகாபிட் வேகத்துக்கோ நான்கு சோடிகளும் ஒருங்கே உழைக்க வேண்டும். ஒன்று தளர்ந்தாலும் இரு முனைகளும் பேச்சை முறித்துக்கொண்டு, மீண்டும் முதலிலிருந்து பேரம் பேசத் தொடங்கும். குரல் அறும் விநாடிகள் இப்பேரத்தின் விநாடிகளே.

முன்மண்டபத்தில் கைத்தொலைபேசி தடையின்றி இயங்கியது. ஆகவே வெளியிலிருந்து வரும் இணையத்திலும் ரவுட்டரிலும் குற்றமில்லை. கணினியைத் தூக்கிச் சென்று ரவுட்டரின் அருகில் வைத்து, வேறொரு குறுங்கம்பியால் இணைத்தோம். இரண்டு மணிநேர வகுப்பு ஒருமுறையேனும் அறாமல் நடந்தது. தாய்ப்பலகை தப்பிற்று! எஞ்சியது நீண்ட கம்பி. அதனைச் சோதனைக் கருவியில் மாட்டிய போதோ எட்டு விளக்குகளும் ஒழுங்காக எரிந்தன. இதுவே நம்மையும் சிறிது மயக்கியது. ஆயின், ஒரு சிறு விளக்கை எரிப்பது வேறு. சோடி ஒன்றில் விநாடிக்கு 12½ கோடி துடிப்புகளைச் சிதையாமற் கடத்துவது வேறு.

100 மெகாபிட்டுக்கு மேல் அறியாத பழைய சுவிட்ச்சுப் பெட்டி ஒன்று நம்மிடம் கிடந்தது. அதனை ரவுட்டருக்கும் அந்த நீண்ட கம்பிக்கும் இடையில் வைத்தோம். தொடர்பு மலைபோல் நின்றது. ஆகவே நோய் நீலத்திலோ கபிலத்திலோதான் இருத்தல் வேண்டும். சாளரத்துப் பக்கத்துச் செருகியை வெட்டிப் பிளந்து பார்த்தால், கபிலக் கம்பியின் நுனியில் பச்சைக் களிம்பு! கச்சானின் வறட்சியில் அது ஒருவாறு தொட்டுக்கொண்டிருந்தது. வாடையின் ஈரம் ஏறியதும் கைவிட்டது. கம்பியில் நான்கு அங்குலம் வெட்டி எறிந்து, புதுச் செருகியை அழுத்திப் பொருத்தினோம். வகுப்பு அன்று மாலையே 1000 மெகாபிட் வேகத்தில் நடந்தது. செலவு ஒரு செருகியின் விலை மட்டுமே.

செருகி பொருத்துவோர் முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கலாகாது. கம்பி வாங்கும்போது நுனியைச் சுரண்டிப் பார்ப்பது நன்று. உள்ளே வெண்மை தெரிந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். விலை மலிவுதான், ஆயினும் நம் கடற்கரைக்கு அது ஆகாது. கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால் கதை வேறு: ரவுட்டரிடமிருந்து அதற்கு முகவரியே கிடைக்கவில்லை என்பது பொருள்.

ஐப்பசி இடிக்கு அஞ்சிச் சுவரில் உள்ள மின்செருகியைக் கழற்றுவோர் பலர் லான் கம்பியை மறந்து விடுகின்றனர். கூரையோரம் நீண்டு கிடக்கும் செம்புக் கம்பியில் மின்னலின் வீச்சுப் புகுந்தால், கணினியின் இணைப்புத் துளை ஒரு கணத்திற் கருகிவிடும். முதல் முழக்கம் கேட்டதும் அதனையும் இரு முனைகளிலும் கழற்றி வைத்தல் வேண்டும்.